பதினோரு கிலோ கை

பெருங்களத்தூரில் தினமும் இரண்டு தடவை ஜி.எஸ்.டி. ரோட்டைக் குறுக்கே தாண்டி, முழுசாக வீடு வந்து சேருகிற மனுஷருக்குத் தனியாகப் பலப் பரீட்சை வேறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'ராயல் சிகரம்' அடுக்குமாடிக் குடியிருப்பில் நியாயமான கேள்விகளைப் பரிசீலிக்கவென்றே ஒரு துணைக்குழு போட்டிருந்தார்கள். அது இன்னும் கூடவில்லை.

அந்த மனுஷர் தேவானந்தம். வயது எழுபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஐந்தாவது மாடியில் மனைவி ஹில்டாவோடு குடியிருந்தார். தாம்பரம் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போய், ஒரு கையில் காய்கறிப் பையும் இன்னொரு கையில் பஸ் கம்பியுமாகத் தொங்கிக்கொண்டு திரும்புவார். லிஃப்ட் படுத்துவிட்டால் எதிர்வீட்டுப் பாலாம்பாளுக்குத் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்துவந்து கொடுப்பார். தனக்குப் பலம் இருக்கிறதா இல்லையா என்று அவர் யோசித்ததே கிடையாது. மூக்கு இருக்கிறதா என்று யாராவது தடவிப் பார்த்துக்கொண்டா திரிகிறார்கள்?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஷ்யாம்சுந்தர். ஏதோ பெரிய கம்பெனியில் துணைப் பொது மேலாளராக இருந்தவர். கம்பெனி அவரை விட்டுவிட்டது, அவர்தான் மேலாண்மையை விடவில்லை. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது போனில் ஒரு கட்டுரை படித்தார். வயதானவர்களுக்குக் கைப்பிடி பலம் குறைந்தால் கீழே விழுவது, எலும்பு முறிவது, ஆஸ்பத்திரியில் கிடப்பது, சீக்கிரம் போய்ச் சேர்வது எல்லாமே கூடும் என்று அதில் போட்டிருந்தது. வாஸ்தவமான விஷயம்தான். ஒரு வாஸ்தவமான விஷயம் ஒரு சங்கத்தின் கையில் மாட்டிக்கொண்டால் அதற்கு என்ன கதியாகும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் புஜம் முளைத்தது. திருமுடிவாக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. ஆளுயரத்துக்கு மடக்கிய கை, அதன் நடுவில் பறங்கிக்காய் மாதிரி ஒரு தசை. அதற்கு மாலை போட்டு ஷ்யாம்சுந்தர் பேசினார்.

"முதுமையில தசைதான் சார் எல்லாம். பிடி தளர்ந்தா கால் தளரும். கால் தளர்ந்தா விழுவோம். விழுந்தா ஆம்புலன்ஸ் வரும். ஆம்புலன்ஸ் வந்தா ஸ்ட்ரெச்சர் இழுத்து இழுத்து லாபியில போட்ட புது டைல்ஸ்ல கீறல் விழும். இதைத் தடுக்க வேணாமா?"

கைதட்டினார்கள். எல்லாருக்கும் டைல்ஸ் மேல் அக்கறை இருந்தது.

"பலம் இல்லாதவங்க சீக்கிரமா போயிடறாங்கன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க. அது யார் யாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சா சங்கத்துக்கு ஒரு பிளானிங் இருக்கும். போன மார்ச்சுல மூணு பேர் ஒரே வாரத்துல போனாங்களே, கம்யூனிட்டி ஹால் புக்கிங்ல எவ்வளவு குழப்பம்! ஒரு பர்த்டே பார்ட்டியவே தள்ளிவைக்க வேண்டியதாப் போச்சு. இனிமே அப்படி நடக்க விடமாட்டேன்."

இதற்கும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் பிளானிங்கில் வரக்கூடியவர்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கெல்லாம் 'டெஸ்ட்' என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. இங்கேதான் வினை ஆரம்பித்தது. நம் ஊர் பெரியவர்களுக்கு டெஸ்ட் என்றால் என்ன? விடிகாலையில் வெறும் வயிற்றோடு போவது. மனசை அலட்டிக்கொள்ளாமல் உட்காருவது. எண் குறைச்சலாக வந்தால் கர்த்தருக்கோ பெருமாளுக்கோ நன்றி சொல்லிவிட்டு, சரவண பவனோ சங்கீதாவோ என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் இட்லி சாப்பிடுவது. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு என்று முப்பது வருஷமாக இப்படித்தான் பழகியிருக்கிறார்கள். எண் ஏறினால் ஆபத்து, இறங்கினால் க்ஷேமம். பாலாம்பாள் குரூப்பில் "காபி குடிக்கலாமா?" என்று கேட்டாள். யாரும் பதில் போடவில்லை. சரி, கூடாது போலிருக்கிறது என்று மொத்தக் குடியிருப்பும் பட்டினி கிடந்தது. மூன்றாம் மாடி வைத்தீஸ்வரன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்ன பாட்டிலையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

கிளப் ஹவுஸில் மேஜை போட்டு மிருதுளா உட்கார்ந்திருந்தாள். சங்கம் அமர்த்திய 'பலம் ப்ளஸ்' கம்பெனியின் பிசியோதெரபிஸ்ட். சின்னப் பெண், சிரித்த முகம். எதிரில் கைப்பிடி வைத்த ஒரு கருவி, பிடியின் பலத்தைக் கிலோவில் காட்டுவது.

"சார், இதைப் பிடிச்சு அழுத்துங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஹில்டா கிளம்பும்போதே எச்சரித்திருந்தாள்: "சாந்தமா இருங்க. நீங்க சட்டுன்னு டென்ஷன் ஆவீங்க, ரீடிங் ஏறிடும்." தேவானந்தம் கண்ணை மூடினார். மூச்சை மெல்ல விட்டார். மனசுக்குள் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டார். பிறகு பழுத்த பப்பாளியை வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல் கருவியை லேசாக ஒரு அழுத்து அழுத்தினார்.

"பதினொண்ணு."

"லோ தானேம்மா?"

"ரொம்ப லோ சார்."

தேவானந்தத்துக்குப் பூரித்துப்போயிற்று. வெளியே வந்தால் ஒரே கொண்டாட்டம். வைத்தீஸ்வரன் ஒன்பது. பாலாம்பாள் ஆறு! "சர்க்கரையும் இப்படி வந்தா தேவலையே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய்க் கேசரி கிளறி, மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஹில்டா மட்டும் அழுதுகொண்டு வந்தாள். வரிசையில் யாரோ ஒருத்தி குறுக்கே புகுந்திருக்கிறாள். அந்த ஆத்திரத்தோடு போய், ஈரப் பெட்ஷீட்டைப் பிழிகிற மாதிரி ஹில்டா கருவியைப் பிழிந்துவிட்டாள். முப்பத்தொன்று.

"எக்கச்சக்கமா ஏறிடுச்சுங்க."

"மாத்திரையில கட்டுப்படுத்திடலாம், அழாதே" என்று தேவானந்தம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் முடிவு வந்தது. குடியிருப்பிலிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் சிவப்பு, ஹில்டாவைத் தவிர. சிவப்பு என்றால் பலவீனர். எந்த நேரமும் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஹில்டா பச்சை. ஆளுக்கொரு வண்ண அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவோடு. ஷ்யாம்சுந்தருக்கும் ஒரு பச்சை அட்டை இருந்தது. அவர் டெஸ்ட் எடுக்கவில்லை. பரீட்சை வைக்கிறவர் பரீட்சை எழுதுவதில்லை என்பதால் செயற்குழு கூடி அவருக்குக் 'கௌரவப் பச்சை' வழங்கியிருந்தது.

அன்று சாயங்காலமே அபுதாபியிலிருந்து மகள் சுஜி வீடியோவில் கூப்பிட்டாள். சங்கத்தின் ஆப் பிள்ளைகளின் போனிலும் இருந்தது.

"டாடி, உங்க பேருக்கு நேரா செவப்பு லைட்டு மின்னுது. மம்மி ஏன் என்கிட்ட சொல்லல?"

"அது ஒண்ணும் இல்லடா. நான் மெதுவா அழுத்திட்டேன்..."

"டாடி, ப்ளீஸ். கூகுள்ல பார்த்தேன். பதினொண்ணுன்னா ரொம்ப மோசம்." சுஜியின் மடியில் ஐந்து மாசக் குழந்தை ஜெரூஷா இருந்தாள். திரைக்குள் கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தாள். "டிசம்பர்ல ஞானஸ்நானத்துக்கு வரோம். நீங்க பாப்பாவைத் தூக்க வேணாம், என்ன? பக்கத்துல சேர் போட்டு உக்காந்து பாருங்க. கொஞ்சலாம், பேசலாம். தூக்கறது மட்டும் வேணாம். கை நழுவிட்டா?"

இதைக் கேட்டதும் தேவானந்தத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பிரசவத்துக்கு ஹில்டாதான் போனாள். இரண்டு பேருக்கு டிக்கெட் போட முடியவில்லை, இவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கே எல்லாரும் பேத்தியைத் தூக்கியாயிற்று, இவர் ஒருத்தர்தான் பாக்கி. டிசம்பர் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். சுஜிக்கு டைபாய்டு வந்தபோது பம்மலிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும், ஆட்டோ கிடைக்காமல், தோளில் போட்டுக்கொண்டு நடந்த கை இது. அந்தப் பெண்ணே கை நழுவிட்டா என்று கேட்கிறாள். போனை வைத்த பிறகு அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பிடக்கூட இல்லை.

காலையில் ஷ்யாம்சுந்தரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்க சார், மெதுவா வாங்க, கதவைப் பிடிச்சுக்காதீங்க. அழுத்தம் கூடாது" என்றார் தலைவர். கையில் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா. அதன் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. பிபி டெஸ்ட் மாதிரின்னு நினைச்சு நான் மெதுவா அழுத்தினேன். எல்லாரும் அப்படித்தான் பண்ணியிருக்காங்க. இன்னொரு தடவை டெஸ்ட் வெச்சா..."

"மெதுவா அழுத்தறதுக்குப் பேர்தான் சார் பலவீனம்."

"இல்ல சார், என்னால நல்லாவே அழுத்த முடியும்."

"பலவீனமா இருக்கற எல்லாரும் அதேதான் சொல்றாங்க. கட்டுரையில போட்டிருக்கான், ஏத்துக்க மறுக்கறதும் ஒரு அறிகுறிதான்னு." இது கட்டுரையில் இல்லை. "அடுத்த டெஸ்ட் ஆறு மாசம் கழிச்சு. இதைக் கொஞ்சம்..." என்று டப்பாவை நீட்டினார்.

தேவானந்தம் மூடியைத் திருகித் திறந்து கொடுத்தார்.

"தாங்க்ஸ். அதுவும் இல்லாம, சிவப்பு ஆளுங்க எதையுமே அழுத்திப் பிடிக்கக் கூடாதுன்னு விதி. டெஸ்ட்டுன்னா அழுத்தணும். விதிய மீறி டெஸ்ட் எப்படி வைக்கிறது? உங்களுக்கே புரியுதுல்ல?" தலைவர் இரண்டு கரண்டி பவுடரைப் பாலில் போட்டுக் கலக்கினார். "நான் சர்வீஸ்ல முப்பத்தாறு வருஷம். என் மேஜைக்கு வந்த ஒரு ஃபைலையும் நான் வெளிய விட்டதில்லை. அதுதான் சார் பிடி."

திரும்புகிற வழியில் தேவானந்தம் மிருதுளாவைப் பார்த்தார். அவளிடமும் முறையிட்டார்.

"கவலையே படாதீங்க சார்" என்றாள் அவள் உற்சாகமாக. "எந்த வயசுலயும் தசை வளரும். எழுபது, எண்பது ஆனாலும் பரவாயில்ல. தினம் கொஞ்சம் கொஞ்சமா வெயிட் தூக்குங்க, படி ஏறுங்க. மூணே மாசத்துல வித்தியாசம் தெரியும்."

"வெயிட் தூக்கலாமா அப்போ?"

"நீங்க ரெட்டா? அப்போ தூக்கக் கூடாது சார். மூணு கிலோதான் லிமிட். படியும் ஏறக் கூடாது. ஜிம் பச்சைக்கு மட்டும்."

"பச்சைக்கு ஏற்கெனவே பலம் இருக்கேம்மா?"

"அதனாலதான் சார் அவங்களுக்கு ஜிம் சேஃப்."

மூன்று கிலோ என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கேட்டில் தராசே வந்துவிட்டது. தேவானந்தம் மார்க்கெட்டிலிருந்து திரும்பினால் வாட்ச்மேன் சுப்ரமணியன் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவருவார்.

"சார், பையை தராசுல வை சார். கோச்சுக்காத. தலீவரு ஆர்டரு." உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு முட்டைகோஸ். "பாரு, நாலு கிலோ கீது. இன்னா சார் இப்டி பண்றியே, ஒனக்கு எதுனா ஆச்சுன்னா? கோஸை நான் தூக்கினு வரேன், நீ மெள்ளமா வா."

சுப்ரமணியனுக்கு அறுபத்தொன்பது வயது. ஆனால் அவர் குடியிருப்பவர் இல்லை, ஊழியர். ஆகவே சங்கத்தின் கணக்கில் அவருக்கு வயதும் கிடையாது, தசையும் கிடையாது. ஊழியர் லிஃப்டில் ஏறக் கூடாது என்பது பழைய விதி. ஆகவே முட்டைகோஸை மார்போடு அணைத்துக்கொண்டு ஐந்து மாடி படியேறி வந்து, கதவருகில் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஏன் சுப்ரமணி, நீங்க என்ன கலரு?" என்று தேவானந்தம் ஒருநாள் கேட்டார்.

"நான் காக்கி சார்" என்றார் அவர்.

லிஃப்ட் விஷயம் இதைவிடப் பேஜார். சிவப்பு அட்டைக்காரர் தனியாக லிஃப்டில் போகக் கூடாது, மயக்கம் வந்தால் யார் பார்ப்பது? பச்சை அட்டைக்காரர் துணைக்கு இருக்க வேண்டும். ஆனால் பச்சை அட்டைக்காரர் லிஃப்டில் ஏறக் கூடாது, ஏறினால் தசை கரைந்துவிடும், படிதான். கௌரவப் பச்சையைக் கழித்தால் ஹில்டாதான் ஒரே பச்சை. என்ன செய்வது என்று செயற்குழு கூடி விவாதித்து ஒரு வழி கண்டுபிடித்தது. சிவப்பு லிஃப்டில் ஏறும். பச்சை படியில் ஏறும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நின்று கதவு திறக்கும். பச்சை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உள்ளே எட்டிப்பார்த்து, ஆள் இருக்கிறார் என்று உறுதிசெய்த பிறகு லிஃப்ட் மேலே போகும்.

"இருக்கீங்களாங்க?"

"இருக்கேன் ஹில்டா. நீ இருக்கியா?"

மூன்றாம் மாடிக்குமேல் ஹில்டாவால் பதில் சொல்ல முடியாது, தலையை மட்டும் ஆட்டுவாள். பாலாம்பாளுக்கும் வைத்தீஸ்வரனுக்கும்கூட அவள்தான் துணை. ஒரு மாசத்தில் அந்தம்மாள் துரும்பாக இளைத்துவிட்டாள். உட்கார்ந்தே கிடந்த மற்றவர்களுக்கு நிஜமாகவே கைகால் தளர ஆரம்பித்தது. தண்ணீர் கேன் தூக்காத தேவானந்தத்தின் தோள், எண்ணெய் போடாத கீல் மாதிரி கிறீச்சிட்டது. பாலாம்பாள் ஒருநாள் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை என்றாள். செய்தி தலைவருக்குப் போயிற்று. அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். "டெஸ்ட் எவ்வளவு கரெக்டுன்னு இப்போ புரியுதா?" என்று குரூப்பில் போட்டார்.

டிசம்பர் பிறந்தது. சுஜி வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது தேவானந்தம் கடைசி முயற்சியாக 'குழந்தை ஏந்தல் அனுமதி'க்கு விண்ணப்பித்தார். அப்படி ஒன்று இருக்கிறது. சங்கம் எதையும் யோசிக்காமல் விடாது.

ஏந்தல் அனுமதி என்றால் ஐந்து கிலோ அரிசிப் பையைக் குழந்தையாகப் பாவித்துக் கையாண்டு காட்ட வேண்டும். ஆனால் சிவப்பு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதே? அதனால் ஹில்டா பையைத் தூக்கி அவர் மடியில் வைக்கலாம், அவர் உட்கார்ந்தபடியே ஏந்தலாம் என்று விலக்கு அளித்தார்கள். கிளப் ஹவுஸில் மிருதுளா பேனாவோடு உட்கார்ந்தாள். பொன்னி அரிசிப் பைக்கு ஒரு பூத்துவாலை சுற்றியிருந்தது.

"தலைக்குக் கை கொடுங்க சார்."

"இதுல தலை எதும்மா?"

"தையல் போட்ட பக்கம்."

தேவானந்தம் தையலுக்குக் கை கொடுத்தார். அரிசியைப் பார்த்து முகம் மலர்ந்து சிரிக்கச் சொன்னாள், சிரித்தார். தாலாட்டச் சொன்னாள். ஞாயிறு பள்ளியில் பாடுகிற ஒரு பாட்டை முணுமுணுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஜெரூஷாவுக்காக எதற்கும் துணிந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டால் அரிசியின் கனம் கிட்டத்தட்டக் குழந்தையின் கனம்போலவே இருந்தது. பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வரவழைப்பதுபோல் பையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டினார். சுஜிக்குத் தட்டிய தட்டு அது, பழக்கமான தட்டு. தையல் பிரிந்துபோய் அரிசி முழுக்க அவர் சட்டைக்குள்ளும் தரையிலும் கொட்டியது.

"அச்சச்சோ" என்றாள் மிருதுளா, நிஜமான வருத்தத்தோடு. 'குழந்தை சேதம்' என்று எழுதி, அனுமதி மறுத்துவிட்டாள்.

ஹில்டா அரிசியை ஒரு மணிகூட விடாமல் கூட்டி அள்ளி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் களைந்து உலையில் போட்டாள். அன்று மத்தியானம் இரண்டு பேருமாகக் குழந்தையைச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

சுஜியும் மருமகன் ஃபிரெடியும் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். ஜெரூஷா போனில் பார்த்ததைவிடக் குண்டு. கன்னம் கன்னமாக இருந்தாள். சுஜி ஆப் சொன்னபடியே நடந்தாள். அப்பாவுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதில் ஃபிரெடி குழந்தையோடு உட்கார்ந்தான். "மாமா, நீங்க தாராளமா பாருங்க" என்றான், கண்காட்சிக்கு வந்தவரிடம் சொல்வதுபோல். தேவானந்தம் பார்த்தார். விரலை நீட்டினார். குழந்தை பிடித்துக்கொண்டது. சுஜி பக்குவமாக அந்தப் பிடியைப் பிரித்துவிட்டாள்.

"பாப்பா இழுத்துட்டா உங்களுக்குக் கை பிசகிடும் டாடி."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் கொடுமை. சண்டைக்காரியாக இருந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம்.

சர்ச்சில் ஞானஸ்நானம் முடிந்து, கம்யூனிட்டி ஹாலில் பிரியாணி விருந்து. விருந்துக்கு முன்னால் இரும்புப் புஜத்தடியில் போட்டோ எடுக்க வேண்டும் என்பது ஷ்யாம்சுந்தரின் ஏற்பாடு. ஹாலை இலவசமாகக் கொடுத்திருந்தார், மறுக்க முடியவில்லை. சங்கத்து மாசப் பத்திரிகைக்கு அட்டைப்படமாம்: 'வலிமையான கரங்களில் வருங்காலம்.' கௌரவப் பச்சை அட்டை மார்பில் ஆட, தலைவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். தேவானந்தம் புஜத்தின் நிழலில், தனக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தைய முன்னாடி நீட்டிப் பிடிங்க சார், மூஞ்சி தெரியணும்" என்றார் போட்டோக்காரர்.

தலைவர் நீட்டிப் பிடித்தார். ஏழு கிலோ குழந்தை. நீட்டிய கையில் ஏழு கிலோ எத்தனை கிலோ என்பது பிடித்தவருக்குத்தான் தெரியும்.

"ஒன் செகண்ட் சார், வெளிச்சம் பத்தல."

ஷ்யாம்சுந்தர் சிரித்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்த்தது. முழங்கை நடுங்கியது. ஜெரூஷா அவர் கழுத்து நாடாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல சார்."

தலைவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் நாலாபக்கமும் ஓடியது. கை இறங்கிக்கொண்டே வந்தது. எல்லாரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவானந்தம் ஒருத்தர்தான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாசமாக அவருக்குக் கையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை ஏது?

"சார்..." தலைவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சார், பிடிங்க... யாராவது..."

சொல்லி முடிக்கவில்லை. தேவானந்தம் நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை அவர் தோளில் இருந்தது. ஒரு கை கீழே தாங்க, ஒரு கை முதுகில். தோள் கிறீச்சிட்டது, கிறீச்சிட்டுவிட்டுப் போகட்டும். ஜெரூஷா நாடாவை விடவில்லை. நாடா அறுந்து அவளோடு கூடவே வந்துவிட்டது. கௌரவப் பச்சை அட்டையை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள்.

சுப்ரமணியன் வழக்கப்படி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். தேவானந்தத்தின் முகத்தைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஷ்யாம்சுந்தர் இரண்டு கையையும் உதறிவிட்டுக்கொண்டு, மூச்சைச் சரிசெய்து, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் பார்த்தீங்களா? இது நான் திட்டம் போட்டு நடத்தின திடீர்ச் சோதனை. சிவப்புல இருக்கறவங்களையும் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம்னு இன்னிக்கு நிரூபணம் ஆயிருக்கு. நம்ம சங்கத்தோட பயிற்சிக்குக் கிடைச்ச வெற்றி இது! மிருதுளா, மிஷினை எடுத்துட்டு வாங்க. ஆறு மாசம் ஆகலைன்னாலும் பரவாயில்ல, என் அதிகாரத்துல விலக்கு தரேன். இப்பவே சாருக்கு டெஸ்ட் எடுத்து, இங்கயே பச்சை அட்டை கொடுத்துடலாம்!"

கைதட்டினார்கள். மிருதுளா கருவியோடு ஓடிவந்தாள்.

"சார், குழந்தையக் குடுத்துட்டு இதை ஒரே ஒரு தடவை அழுத்துங்க. இந்தத் தடவை நல்லா பலமா அழுத்தணும், சரியா?"

சுஜி பதறியபடி பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க டாடி. அழுத்திடுங்க, பச்சை ஆயிடும். அப்புறம் நீங்க எவ்வளவு வேணா தூக்கலாம்."

தேவானந்தம் மகளைப் பார்த்தார். நீட்டியிருந்த அவள் கையைப் பார்த்தார். மிருதுளாவின் கருவியைப் பார்த்தார். ஒன்றரை மாசமாக அவர் கனவு கண்ட கருவி அது. எத்தனை தடவை மனசுக்குள் அதை நெரித்திருப்பார்! ஜெரூஷா அட்டையைத் துப்பிவிட்டு அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். எச்சில் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது.

சுஜியின் கைகள் தானாகவே கீழே இறங்கின. ஹில்டா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறமா வாம்மா" என்றார் தேவானந்தம் மிருதுளாவிடம், குழந்தையின் முதுகில் மெல்லத் தட்டியபடியே. "இப்போ கை ஒழியல."